ரூபியின் வாசிப்பும் நான் போடாத கையெழுத்தும்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.
உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த வியாழக்கிழமை.

அன்பு மகன் லூயிசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா தயவில் இங்கே அப்பாவும் நானும் உன் தங்கச்சி ரூபியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், நீயும் தோஹாவில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான் மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் என் வேண்டுதல். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் யார் கடுதாசி எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய், சிரித்துக்கொள். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் சரிம்மா சரிம்மா என்கிறாய், அப்புறம் சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. எதிர்வீட்டு எழிலரசன் லீவு முடிந்து சனிக்கிழமை திரும்பி வருகிறான், அவன் கையில் இதையும் மாங்காய்த் தொக்கும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை ரூமில் வறுத்தால் மற்ற பையன்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்றாயே, அவர்களுக்கும் ரெண்டு கொடு, வாயை மூடிக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு சேதராப்பட்டு கம்பெனியில் மறுபடியும் காலை ஷிப்ட் போட்டிருக்கிறார்கள், முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறுகிறார், டாக்டரிடம் வா என்றால் காதில் வாங்குவதில்லை. நீயாவது சொல், நீ சொன்னால் கேட்பார். இப்போது போன வாரம் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டியா என்று கேட்டாய். போடவில்லை. போடவும் மாட்டேன். ஒரு வருஷம்தானேம்மா, நாலாவதே இன்னொரு வாட்டி படிக்கட்டும், இன்னா கெட்டுப்போச்சு என்று நீ சொன்னது என் காதிலேயே இருக்கிறது. உன் மேல் கோபம் இல்லை என்று பொய் எழுதமாட்டேன், கோபம்தான். ஆனால் நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அதனால் முழுசாக எழுதுகிறேன், வாசித்துவிட்டு அப்புறம் சொல்.

நாம் எல்லோருமே ஏமாந்த கதை இது. ரூபிக்கு வாசிக்க வராது என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். நம் வீட்டுச் சாயங்கால ஜெபத்தில் அட்டை கிழிந்த அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மன்றாட்டு மாலையை முன்னே சொல்வது யார், அவள்தானே. ஒரு இடத்தில் தடுக்காது, திக்காது, பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் சரியாக விரலில் எச்சில் தொட்டுப் புரட்டுவாள், பின்னால் பதில் சொல்ல நமக்குத்தான் மூச்சு வாங்கும். அப்பா, தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எல்லோரிடமும் என் பொண்ணு ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிறா என்று பீற்றிக்கொள்வார். அக்டோபரில் ஜெபமாலைக்கு மாதா சுரூபம் வீடு வீடாகப் போனபோது ஒருநாள் கோயில் உபதேசியார் வீட்டு முறை. அவர்கள் வீட்டில் புதுசாக அச்சடித்த தடிப் புத்தகம். ரூபியைத்தான் வாசிக்கச் சொன்னார்கள், வாங்கினாள், பிரித்தாள், கடகடவென்று சொன்னாள், பெண்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தற்செயலாகக் குனிந்து பார்த்தேன். அவள் கண் எழுத்தின் மேல்தான் இருந்தது, ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தது பொருளடக்கம். எந்த ஜெபம் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருக்குமே, அது. அதைப் பார்த்துக்கொண்டு மன்றாட்டு மாலை முழுசையும் சொல்லி, நம் வீட்டுப் புத்தகத்தில் எங்கே புரட்டுவாளோ அங்கே இந்தப் புத்தகத்தையும் புரட்டினாள்.  நான் அதைச் சொன்னபோது உபதேசியார் மனைவி, மனப்பாடமாவே தெரியுதே, இன்னா பக்தி பாருங்க என்று அதற்கும் ஒரு பாராட்டு.

வீட்டுக்கு வந்து நம் புத்தகத்தையே எடுத்து நடுவில் ஒரு வரியைக் காட்டி, இது என்னடி என்று கேட்டேன். ஏழாம் வாய்ப்பாட்டில் நடுவில் கேட்டால் ஓரேழு ஏழு என்று முதலில் இருந்து ஆரம்பிப்போமே, அதுபோல முதல் வரியில் இருந்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்து அந்த வரியைப் பிடிக்கப் பார்த்தாள். பிடிக்க முடியவில்லை, என் முகத்தைப் பார்த்தாள், அழவில்லை, திருடியவள் மாதிரி நின்றாள். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு அந்த முகம் வரக்கூடாது, லூயிஸ். அப்புறம்தான் எல்லாம் புரிந்தது. வகுப்பில் டீச்சர் ஒரு வரி சொல்லப் பிள்ளைகள் மொத்தமாகச் சேர்ந்து கத்துவார்கள், இவள் காதாலேயே நாலாவதுவரை வந்துவிட்டாள். தமிழும் அப்படி, இங்கிலீசும் அப்படி. எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும், கூட்டத் தெரியும், ஆனால் ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் ஆரம்பம் மறந்துபோகும், என்ன வாசித்தாய் என்றால் தெரியாது. சொன்ன ஜெபத்துக்கே அர்த்தம் தெரியாது, கிளிப்பிள்ளைதான். கிளிப்பிள்ளை ஆக்கி வைத்தது யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை, எல்லோரும் சேர்ந்து கைதட்டினோம்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்திலும் கண்டுபிடித்தார்கள். அவளுடைய டீச்சர் கார்குழலி, நல்ல பெண்தான், உன்னைவிட ரெண்டு மூணு வயசு பெரியவளாக இருப்பாள், கூப்பிட்டு அனுப்பி ஒரு நிமிஷத்தில் எத்தனை வார்த்தை வாசிக்கிறார்கள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பரீட்சை வைத்ததாகவும் ரூபி கடைசி என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு ஆளாளுக்கு வைத்தியம். கண்ணைப் பாரு என்றார்கள், கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போய் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம், கண் நல்ல கண் என்று சொல்லிவிட்டார்கள். நீ போனில் ஏதோ விளையாட்டு ஏற்றச் சொன்னாய், எழுத்து மேலே இருந்து விழும், விழுவதற்குள் சொல்ல வேண்டும், அவள் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அப்பா டியூஷனில் சேர்த்தார். அந்த டியூஷன் அம்மா கையில் ஸ்கேல், வாயில் ஒரே வார்த்தை, வேகமா, வேகமா. வேகம் வந்தது, எப்படி வந்தது என்று கேள். முதல் எழுத்தைப் பார்ப்பாள், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு ஓடுவாள். மரம் என்று இருந்தால் மழை, மாடு, எதுவோ ஒன்று. அடிக்குப் பயந்து ஓடுகிற பிள்ளைக்கு எது மரம் எது மாடு. அடியாத மாடு படியாது என்று அந்த அம்மா எனக்கே சொன்னாள், மாடு வளர்க்கிறவங்க கிட்ட போய்ச் சொல்லுங்க, நான் புள்ள வளக்கிறேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குள் சாயங்கால ஜெபத்தில் வாய் திறப்பதையும் நிறுத்திவிட்டாள். புத்தகத்தைப் பார்த்தாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அதைப் பார்த்துத்தான் எனக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது, இந்தப் பிள்ளையை நான் விடுவதில்லை என்று.

என்ன செய்தேன் என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதே, எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றும் இல்லை. டெய்லர் கடையில் இருந்து ரவிக்கைகளை வாங்கி வந்து ஹெம்மிங்கும் ஹூக்கும் வைத்துக் கொடுக்கிறேன் அல்லவா, அந்த வேலையில் கண்ணை ஊசியை விட்டு எடுக்க முடியாது. சாயங்காலம் நான் தைக்கும்போது ரூபியைப் பக்கத்தில் உட்காரவைத்து, எனக்குக் கதை வேண்டும், சும்மா தைத்தால் தூக்கம் வருகிறது, நீ வாசி என்றேன். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற படக்கதைப் புத்தகம்தான், பெரிய எழுத்து, பக்கத்துக்கு ரெண்டு வரி. எனக்கு நாலாவது புக்கு இருக்கு என்று முறைத்தாள், அது உனக்கு, இது எனக்கு என்றேன். அவள் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று என்னால் எட்டிப் பார்க்க முடியாது, அதனால் தப்பு தப்பு என்று சொல்லவும் முடியாது. கேட்க மட்டும்தான் முடியும். யார் போனது, எங்கே போனான், அவன் ஏன் அழுதான் என்று கேட்பேன். எனக்குப் புரியாவிட்டால், அடியே, ஆடு எப்படி ஆணியைத் தின்னும், நல்லா பாரு என்பேன், போய்ப் பார்ப்பாள், ஆணி இல்லம்மா, ஓணான் என்பாள். ஆடு ஓணானையும் தின்னாதே என்பேன். மறுபடி பார்ப்பாள். ஓணான்தான் ஆட்டைப் பார்த்து ஓடியிருக்கும், இவள் வரியை மாற்றிச் சொல்லியிருப்பாள். தானே திருத்துவாள். அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் எனக்கு அவசரம் இல்லை, தைக்க ரவிக்கை எப்போதும் இருக்கிறது. பதறாத காரியம் சிதறாது. ஒரே கதையை மறுநாளும் வாசிக்கச் சொல்வேன், நேத்து பாதியிலே தூங்கிட்டேன் என்று சாக்குச் சொல்வேன், மறுநாள் அதே கதை ஓட்டமாக வரும், அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. டியூஷனில் இருந்து கூட்டி வந்ததற்கு ஒரு வாரம் கோபித்துக்கொண்டிருந்தார், பிறகு அவராகவே பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு வா என்றார். ரெண்டு பேரும் ஒரே வரியைச் சேர்ந்து சத்தமாக வாசிப்பார்கள், அவர் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகப் போவார், கொஞ்ச தூரம் போனதும் சத்தத்தைக் குறைத்து அவர் நின்றுவிடுவார், அவள் தெரியாமல் தனியாகப் போய்க்கொண்டிருப்பாள். அவளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதும் அவர் அப்படித்தான் பின்னால் இருந்து கையை எடுத்தார். கண்டுபிடித்துவிட்டால் கத்துவாள், அப்புறம் மறுபடி சேர்ந்து வாசிப்பார்கள். இதில் எனக்கும் அவருக்கும் ஒரு சண்டை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடம் போகிற வழி நெடுகச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும், உனக்குத்தான் தெரியுமே நம் ஊர் சுவர். ரூபி அதை ஒவ்வொன்றாக நின்று வாசிக்க ஆரம்பித்தாள். எழுத்து பெரிசு, எல்லாப் போஸ்டரிலும் அதே வார்த்தைகள், தோற்றம், மறைவு, வருந்தும் குடும்பத்தார் என்று, ஒன்றை வாசித்தால் அடுத்தது தானாக வந்துவிடும், பேரும் ஊரும்தான் மாறும். நாளாக ஆக நடந்துகொண்டே வாசித்தாள், நிற்கவே இல்லை. அதோடு விட்டாளா, அம்மா, இவருக்குப் பேரப்புள்ளைங்க பேரே போடல, சண்டையா என்று கேட்கிறாள். வாசித்ததை யோசிக்கிறாள் பார். அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை, காலங்காத்தாலே புள்ளை சாவு போஸ்டர் படிக்கலாமா என்றார். செத்தவங்க யாரும் வந்து கோவிச்சிக்க மாட்டாங்க, உயிரோட இருக்கிறவங்கதான் என் புள்ளைய வாசிக்கவிடாம பண்ணாங்க என்றேன். 

அப்புறம் நம் குஞ்சம்மாள். வைத்திக்குப்பத்தில் இருந்து மீன் கூடை கொண்டுவருகிறாளே, வெயில் ஏறினால் நம் வாசலில்தான் கூடையை இறக்கி வைத்துத் தண்ணி குடிப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ரூபி என்னிடம் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அதில் ஒரு பெரிய மீன் சின்ன மீனுக்கு வழி காட்டிக் கரைக்குக் கூட்டி வருவதாக எழுதியிருந்தது. குஞ்சம்மாள் நடுவிலே புகுந்து, இன்னாடி இது, பெரிய மீனு சின்ன மீன முழுங்கும், வழியா காட்டும், நல்லா பாத்து படி என்றாள். ரூபி ரோஷத்தோடு திரும்ப வாசித்தாள், அப்படித்தான் போட்டிருக்கு ஆயா என்றாள். அப்ப எழுதனவன் கடலையே பாத்ததில்ல என்று குஞ்சம்மாள், இல்ல, இந்த மீனுக்குச் சின்ன மீன் முன்னாடி உதவி பண்ணியிருக்கு, அதனால்தான் என்று ரூபி பழைய பக்கத்தைத் தேடி எடுத்து ஆதாரம் காட்டுகிறாள். ரெண்டு பேருக்கும் அன்றைக்குப் பெரிய வாக்குவாதம், மீன் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளை, புத்தகத்தைக் காட்டிச் சண்டை போடுகிறாள். இதைவிட எனக்கு என்ன வேண்டும். குஞ்சம்மாள் இப்போது வரும்போதெல்லாம் அப்புறம் இன்னா ஆச்சு என்று கேட்டுக்கொண்டேதான் கூடையை இறக்குகிறாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. இங்கிலீஷ் இன்னும் நொண்டுகிறது, அதற்கும் அதே வழிதான், சின்னப் புத்தகத்தில் இருந்து, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொல்லி. வேகம் வந்திருக்கிறது, ஆனால் வகுப்பில் மற்றவர்கள் அளவுக்கு வரவில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின வாரம் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். போனால் பெரிய டீச்சர் அறையில் ஒரு தாள் தயாராக டைப் அடித்து வைத்திருக்கிறார்கள். என் மகள் வாசிப்பில் பின்தங்கியிருப்பதால் அவளை மறுபடியும் நான்காம் வகுப்பிலேயே வைத்துக்கொள்ளுமாறு பெற்றோராகிய நாங்களே விரும்பிக் கேட்டுக்கொள்கிறோம் என்று. நாங்களே விரும்பி. அந்த ரெண்டு வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு உச்சி மண்டைக்கு ஏறியது. நாலாவதுவரை அவர்களாக நிறுத்திவைக்க முடியாதாம், நாமாகக் கேட்டால் வைத்துக்கொள்வார்களாம். நான் எப்பங்க விரும்பினேன் என்று கேட்டேன். பெரிய டீச்சர் பொறுமையாகத்தான் பேசினார், உங்க பொண்ணு நன்மைக்குத்தாம்மா, கடைசியா ஒரு தடவ வாசிக்க வெச்சிப் பாத்திடலாம், நீங்களே பாருங்க என்றார்.

கார்குழலி டீச்சர், வகுப்பில் மற்ற பிள்ளைகள் எல்லாம் வாசித்துவிட்ட ஒரு தாளை ரூபிக்கு முதல் தடவையாகக் கொடுத்துப் போனில் நேரத்தை வைத்தாள். தமிழ்தான். நான் சுவரோரமாக நின்றேன், அப்பாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. ரூபி விரலை வைத்துக்கொண்டு வாசித்தாள். ஒரு ஊரில் வெள்ளம் வருகிறது, ஒரு குடும்பம் மாடியில் ஏறி நிற்கிறது, படகு வருகிறது, அம்மா அப்பா பிள்ளைகள் எல்லோரும் ஏறுகிறார்கள். டியூஷனில் ஓடிய மாதிரி ஓடவில்லை, ஒவ்வொரு வார்த்தையும் முழுசாக வந்தது, எனக்குக் கதை கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. படகு கிளம்பியது என்று வாசித்தவள் நின்றுவிட்டாள். தடுக்கிவிட்டாள் என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தி, மிஸ், நாயி மாடியிலயே கட்டியிருக்கே, அத அவுத்து உட்டாங்களா இல்லியா, போடவே இல்லியே என்று கேட்கிறாள். டீச்சர், அதெல்லாம் அப்புறம்மா, நேரம் போவுது, படி படி என்றாள். இவள் படிக்கவில்லை, மேலே போய் நாய் வந்த வரியைத் தேடுகிறாள், விரலை வைத்து அதைத் திரும்ப வாசிக்கிறாள், கட்டியிருக்குன்னு போட்டிருக்கு மிஸ், அவுத்ததாப் போடல என்கிறாள். போன் மணி அடித்துவிட்டது. வார்த்தை போதவில்லை. பெரிய டீச்சர் டைப் அடித்த அந்தத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினார், பாத்தீங்களா, நடுவுல நின்னுடறா என்றார்.

லூயிஸ், என் வாழ்க்கையில் நான் பெரிய மனிதர்கள் முன்னால் குரல் உயர்த்தினவள் இல்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. நிக்கலீங்க, யோசிச்சா என்றேன். அவளுக்கு முன்னாடி இதே தாளை முழுசா வாசிச்சு முடிச்ச புள்ளைங்கள்ல ஒண்ணைக் கூப்பிட்டு நாய் என்ன ஆச்சுன்னு கேளுங்க, அது சொல்லட்டும், நான் இப்பவே கையெழுத்துப் போடறேன் என்றேன். கார்குழலி டீச்சர் பெரிய டீச்சரைப் பார்த்தாள், பெரிய டீச்சர் போனைப் பார்த்தார். ஒருத்தரும் யாரையும் கூப்பிடவில்லை. நான் விரும்பாததை நான் விரும்பினேன்னு எழுதித் தரமாட்டேங்க, எம்பொண்ணு அஞ்சாவதுக்குப் போவா, நொண்டி நொண்டிப் போனாலும் போவா, கூட நான் வருவேன் என்றேன். அஞ்சாவதுல பெயில் ஆனா அப்ப நாங்க நிறுத்திடுவோம், அப்புறம் எங்களச் சொல்லக்கூடாது என்றார். அப்ப பாத்துக்கலாங்க என்றேன். பயம் இல்லாமல் இல்லை. அது உனக்கு மட்டும் சொல்கிறேன், அப்பாவிடம் சொல்லாதே.

அங்கே யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறாள் உன் தங்கச்சி. பரீட்சையில் தோற்றோமே என்று முகம் வாடவே இல்லை. கேட்டைத் தாண்டிப் பாதி தெரு வந்திருப்போம், என் கையை உதறிவிட்டுத் திரும்ப ஓடினாள். எனக்கு உயிரே போய்விட்டது, பின்னாலேயே போனால், கார்குழலி டீச்சரிடம் அந்த வெள்ளக் கதைத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். டீச்சர் வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கும்பிட்டேன், அவளும் கும்பிட்டாள், பாவம், அவள் வேலை அவளுக்கு. ரூபி பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து, விரலை வைத்துக்கொண்டு, எனக்குக்கூடக் கேட்காமல் வாய்க்குள்ளேயே கடைசிவரை வாசித்தாள். ஒரு பஸ்ஸை விட்டோம், இன்னொன்றையும் விட்டோம், நான் கூப்பிடவில்லை. வாசித்து முடித்துத் தாளை மடித்தவள் முகம் சிவந்து, அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வீடு வந்தாள். ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது யாரும் கேட்காமலே வாய் திறந்து அந்த நாய்க்காக ஒரு வேண்டுதல் சொன்னாள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வேண்டுதல். அன்றைக்குக் கேசரி செய்தேன், எதுக்கு என்று அப்பா கேட்டார், பெயிலானதுக்கு என்றேன், ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இனி யாராவது நம் வீட்டில் அவளை மக்கு என்று சொன்னால், நீயாக இருந்தாலும் சரி, என்னிடம் சரியாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். நீ அப்படிச் சொல்கிற பிள்ளை இல்லை என்று தெரியும், அவசரம் உனக்கு, சின்ன வயசில் இருந்தே அவசரம்தான். வெயிலில் வேலை செய்யும்போது தலையில் துணி கட்டிக்கொள், மோர் கிடைத்தால் விடாதே, வெள்ளிக்கிழமை பூசைக்குப் போகாமல் தூங்காதே. எழிலரசனிடம் காலிப் பாட்டிலைத் திருப்பி அனுப்பு, தொக்குப் பாட்டில் வீட்டில் வேறு இல்லை. மாதா உன்னை இறக்கைக்குள் வைத்துக் காக்கட்டும், போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள் உனக்கு எதிர்ப்படட்டும், ஆயுசும் ஆரோக்கியமுமாக நீ வீடு வந்து சேரவேண்டும் என்று அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது ரூபியிடம் இப்ப எத்தனை வார்த்தை வாசிக்கிறே என்று கேட்காதே, கேட்டால் நான் போனைப் பிடுங்கி வைத்துவிடுவேன். அந்த நாய் என்ன ஆச்சு என்று கேள். நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது, அந்தத் தாளை நான் வாசிக்கவில்லை. அவள் வாசித்திருக்கிறாள்.

உன் அம்மா,
வி. லூர்துசெல்வி